எங்கள் வீட்டுக் கழனித்தண்ணி

அடுப்பங்கரைக் கழிவை எங்கே கொட்டுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து யோசித்தார்கள் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். நாங்கள் யோசித்தோம். யோசித்ததோடு விடாமல் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்தோம்.

அது சண்டைக் காலம். வெள்ளைக்காரன் எங்கேயோ சண்டை போட, பாப்பாரப்பட்டியில் எங்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காது, தகரம் கிடைக்காது. தகரம் கிடைக்காதது எங்களுக்குப் பெரிய இடி. என் வீட்டுக்காரருக்குத் தகர வேலைதான் தொழில். காலி எண்ணெய் டின்னை வெட்டி விளக்கு, புனல், பெட்டி என்று எதையாவது செய்து சந்தைக்குச் சந்தை கொண்டுபோய் விற்பார். தருமபுரியில் என்னைப் பெற்ற அத்தா வீட்டில் என்னைக் கட்டி, அங்கேயே மகன் பிறந்தபின் கைக்குழந்தையோடு கூட்டிக்கொண்டு வந்து, பாப்பாரப்பட்டியில் ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் குடிவைத்தார். அத்தா வீட்டுக் கொல்லையில் இரண்டு எருமை நின்றது. கழனித்தண்ணி, அதாவது அரிசி களைந்த தண்ணி, வடிகஞ்சி, காய்த்தோல், களிப்பானை கழுவின தண்ணி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது, அங்கே யாருக்கும் ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. எருமை குடித்துவிடும். அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாமல் இருந்தவற்றை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

வாடகை வீட்டில் அடுப்பங்கரை மூலையில் பாத்திரம் கழுவ ஒரு சலதாரை இருந்தது. சுற்றிலும் கல் வைத்துக் கட்டி, நடுவில் பள்ளம், பள்ளத்து ஓரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகத் தண்ணி சந்துக்குப் போகும். போகும் என்று வீட்டுச் சொந்தக்காரம்மா சொன்னார். நானும் நம்பி ஒரு மாதம் எல்லாவற்றையும் அந்த ஓட்டைக்குள் தள்ளினேன். பூசணிக் குடல், அவரை நார், வாழைக்காய்த் தோல், களிக் காந்தல், ஒன்றையும் விடவில்லை. ஒரு நாள் ஓட்டை வாயை மூடிக்கொண்டது. அடுப்பங்கரையில் கணுக்கால் தண்ணி. குச்சியை விட்டுக் குத்தியதும் அத்தனையும் ஒரேயடியாகச் சந்தில் போய் விழுந்தது. எதிர் வீட்டு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏ பாய் வூட்டுப் பொண்ணே, நீ தின்னது போவ மிச்சத்த எங்க வாசலுக்கா அனுப்பற?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அப்போதும் வந்தது. ஆனால் அவர் வாசலில் கிடந்தது என் வீட்டுப் பூசணிக் குடல் என்பதால் வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அழுதேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்டாட்டியின் கஷ்டத்துக்குத் தகரத்தில் மருந்து இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்.

"இதுக்கு ஒரு மிஷின் பண்ணித் தரன் பாரு."

மிஷின் என்பது ஒரு டின்னின் அடிப்பாகம். ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டு, ஓரத்தை மடித்து, சலதாரைப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும்படி செய்தார். அதற்குக் கீழே, தண்ணி சந்துக்குப் போகாமல் கொல்லைப் பக்கம் திரும்பிப் போக ஒரு தகரக் குழாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் தினப்படி கேழ்வரகுக் களிதான். அரிசிச் சோறு வெள்ளிக்கிழமைக்கும் விருந்தாளிக்கும். ஈரக் களி அந்தப் பொடி ஓட்டைகளில் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. காய்ந்தபின் அதை எடுக்க உளி கேட்டது.

"மிஷின் நல்லாத்தான் இருக்குது. நீ களியை உள்ள போடாத" என்றார்.

"களிப்பானையக் கழுவாம, பின்ன நக்கியா வெக்கறது?"

இதுதான் அந்த மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லாத சண்டை. நான்காம் நாள் அவரே இறங்கி வந்து, பென்னாகரம் சந்தையில் இரண்டு கோழி வாங்கி வந்தார். கழிவைக் கோழி தின்னும், முட்டை நாம் தின்னலாம் என்று கணக்கு. கோழிகள் மகாராணிகள். சோற்றுப் பருக்கையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, காய்த்தோலைக் காலால் சீய்த்து வீடு முழுக்க இறைத்தன. பத்தாம் நாள் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மற்றதை நானே அரிவாள்மணைக்குக் கொண்டுபோனேன், பாவம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு கொல்லையில் குழி தோண்டினார். இரண்டடிக்குக் கீழே பாறை. அந்த இரண்டடிக் குழியில் கொட்டிய கழிவுக்கு ஊர் ஈயெல்லாம் வந்து சேர்ந்தது. என் மகனுக்கு அப்போது ஆறு மாதம். தூளியில் தூங்குகிற பிள்ளையின் கண்ணில் ஈ உட்கார்ந்து பீளை கட்டியதும், நானே மண்ணைத் தள்ளிக் குழியை மூடிவிட்டேன். ஒரு குடும்பம் சமைத்துத் தின்பதற்கு இவ்வளவு தண்டனையா என்று அன்றைக்கு உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது.

நான் அழுததைக் கேட்டுத்தான் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ஓரிடத்தில் இடிந்து ஆள் நுழைகிற வழி இருந்தது. அந்தப் பக்கத்து வீட்டில் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், எங்களிடம் தமிழ். கறி, மீன், முட்டை எதையும் தொடாதவர்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவருக்கு மானாவாரிக் காட்டில் வேலை, அவளுக்கு ஒரு பசுமாடு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வந்த நாளிலிருந்து சிரிப்பாள், ஆனால் அதிகம் பேசியதில்லை. கறி தின்கிற வீட்டோடு பேசக் கூடாது என்று இருக்கும் போல, போகட்டும், என்று நானும் வீம்பாக இருந்தேன்.

"எதுக்கு அழுவற தங்கச்சி?"

சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கா? ஒரு பானையில ஊத்தி வெய்யி. எங்க மாடு குடிக்குமே. தவுடு வெல போற போக்குக்கு எனக்கும் ஒத்தாசை."

இவ்வளவு சுலபமான வழி பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறது, நான் பாறையைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி என்று தலையாட்டும்போதே அவள் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னாள்.

"ஆனா தங்கச்சி, எச்சி விழக் கூடாது. கறி கழுவன தண்ணி ஒரு சொட்டு கூட விழக் கூடாது. கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளாதே என்றால்தான் எனக்குக் கோபம் வரும். "எங்க வூட்டுக் கஞ்சி மட்டும் ஆவும், எங்க வூட்டுக் கறி ஆவாதா?" என்று கேட்டுவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் எப்படித்தான் குடித்தனம் பண்ணினேனோ.

அவள் கோபப்படவில்லை. மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். மாட்டுப் பால் திங்கட்கிழமை சிவன் கோயிலுக்குப் போகிறது. பதினாறு திங்கள் விரதமிருந்து, தன் மாட்டுப் பாலைத் தன் கையால் கறந்து அபிஷேகத்துக்குக் கொடுப்பதாக வேண்டுதல். இரண்டு திங்கள் முடிந்திருக்கிறது, இன்னும் பதினாலு. மாடு குடிக்கிறதில் தப்பு இருந்தால் பாலில் வந்துவிடும்.

"கட்டிக்கிட்டு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு தங்கச்சி. இன்னும் ஒண்ணும் தங்கல."

தூளியில் கிடந்த என் பிள்ளை அந்த நேரம் பார்த்துச் சிணுங்கினான். அவனை எடுக்க எழுந்து போவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ஏற்பாடு. கொல்லைக் கதவோரம் ஒரு மண்பானை, அது மாட்டுக்கு. கறி, மீன் கழுவின தண்ணிக்கும் தட்டில் மிச்சமானதற்கும் பாதியாக வெட்டிய ஒரு எண்ணெய் டின். அதைப் பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்தடியில் ஊற்றி மண்ணைத் தள்ளிவிடுவேன். பகலில் ஊற்றினால் நாய் வரும். நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்றால், கறி நறுக்கிய கையால் அந்தப் பானையின் மூடியைக்கூடத் தொட மாட்டேன். ஒரு தடவை வீட்டுக்காரர் சாப்பிட்ட கையை அதில் கழுவப் போனார். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை தூளியில் எழுந்துகொண்டான்.

தினமும் சாயங்காலம் அவள் சுவர் இடுக்கு வழியாக வருவாள். பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்து, தவிட்டையும் பிண்ணாக்கையும் கலந்து வைப்பாள். பானையைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்று பேசுவாள். என்ன பேசினோம்? ஒன்றுமில்லை. அரிசி எப்படி இருக்கிறது, காட்டில் சாமை எப்படி வந்திருக்கிறது, என் வீட்டுக்காரர் குறட்டை, அவள் வீட்டுக்காரர் சிக்கனம். என் மகனைப் பார்த்து "ஊட்ட ஆயித்தா கந்தா?" என்று கன்னடத்தில் கேட்பாள், சாப்பிட்டாச்சா குழந்தை என்று. அவன் அவளுக்கு மட்டும் பொக்கை வாயைத் திறந்து காட்டுவான். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி அவள்தான். அத்தா வீட்டை நினைத்து அழுவதை நான் விட்டதே அவளால்தான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

திங்கட்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. அவள் எண்ணினாளோ இல்லையோ, நான் எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாவது முடிந்த வாரம், கறித்தண்ணி ஊற்றுகிற அந்த டின் ஓட்டையாகிவிட்டது.

அடியில் துருப்பிடித்து ஒழுகியது. "ஈயம் பத்தவெச்சுக் கொண்டாரன்" என்று வீட்டுக்காரர் பட்டறைக்கு எடுத்துப்போனார். தகரக்காரன் வீட்டு டின் என்றைக்கு உடனே திரும்பி வந்திருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்தார். டின்னைக் காணோம். கறி கழுவின மஞ்சள் தண்ணியை எதில் ஊற்றுவது? வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு மண்பானையில் ஊற்றினேன். அதே சந்தையில், அதே ஆளிடம், அதே அளவில் வாங்கின பானை. வெங்காயச் சருகையும் அதிலேயே போட்டேன். சாயங்காலம் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடலாம் என்று கொல்லைக் கதவோரமே வைத்தேன். எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உள்ளே இருந்தேன்.

"தங்கச்சி, பானைய எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க அக்கா, கதவோரந்தான் இருக்குது."

இரண்டே வார்த்தை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வெளியே வந்தேன். கழுவி வைத்த காலிப்பானை ஒன்று இருந்தது. நிறைந்த பானை ஒன்று இருந்தது. நிறைந்ததை முருங்கை மரத்தடிக்குத் தூக்கிப்போய்ச் சாய்த்தேன். கஞ்சித் தண்ணியும் பூசணிக் குடலும் விழுந்தது.

சுவரோரம் ஓடினேன். மாடு தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. தவிட்டு வாசத்தில் அதற்கும் அவளுக்கும் என்ன தெரிந்திருக்கும். அவள் வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னிக்கி உன் கழனித்தண்ணியில என்னா போட்ட தங்கச்சி? ஒரு சொட்டு வெக்கலயே! நாளைக்குப் பதினாலாவது திங்கள், நல்லாக் கறக்கும்."

பிள்ளை அழுகிறான் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். டின்னை மறந்தது அவர் தப்பு என்பதால் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு யோசித்து, "சொல்லாத" என்றார். "வேணும்னா பண்ணின? தெரியாம நடந்தது. சொன்னா அவங்களுக்கும் நோவு. தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அல்லா மன்னிப்பான்."

"அல்லா மன்னிப்பான். பால் போறது அவங்க சாமிக்கில்ல?"

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தூங்கவில்லை. சொன்னால் பன்னிரண்டு வருஷ ஏக்கத்தில் மண்ணை அள்ளிப் போட்டவள் ஆவேன்; வேண்டுமென்றே செய்தேன் என்றுகூட அவள் நினைக்கலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் தலைக்குக் குளித்து, பட்டினி கிடந்து, என் வீட்டுக் கறித்தண்ணி குடித்த மாட்டுப் பாலைக் கொண்டுபோய்ச் சாமி தலையில் ஊற்றுவாள். அந்தச் சாமிக்குக் கோபம் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தால் அதைச் செய்ய மாட்டாள். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

விடிந்ததும் வாசலில் போய் நின்றேன். அவள் ஈரத்தலையோடு, மஞ்சள் புடவையில், பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சொம்பின் வாயில் ஒரு செம்பருத்திப் பூ.

"அக்கா, நில்லுங்க."

"கோயிலுக்குப் போவும்போது கூப்புடக் கூடாது தங்கச்சி, வந்து பேசறன்."

"கூப்புட்டுத்தான் ஆவணும். நேத்து நீங்க எடுத்துட்டுப் போனது கறி கழுவன தண்ணி. ரெண்டு பானையும் ஒண்ணா வெச்சிட்டேன். டின்னு ஓட்டை. எந்தப் பானைன்னு சொல்லாம எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் சொம்புக்குள் பார்த்தாள்.

"முழுசும் குடிச்சுதே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் சொன்ன?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாமயே போயிருக்குமில்ல? இன்னிக்கோட சேத்து மூணு திங்கள்தான இருந்துது?"

"சொல்லாம இருக்க என்னால ஆவல அக்கா" என்று சொல்லி நான் வாசலிலேயே அழுதேன். எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் சொம்போடு திரும்பித் தன் வீட்டுக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அடுப்பு மூட்டவில்லை. வீட்டுக்காரர் நேற்றுக் களியைக் கரைத்துக் குடித்துவிட்டு, சத்தம் காட்டாமல் பட்டறைக்குப் போனார். நான் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கன்னடத்தில் யாரிடமோ வேகவேகமாகப் பேசுவது கேட்டது. புருஷன் காட்டுக்குப் போய்விட்டார், வீட்டில் வேறு ஆள் கிடையாது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. இனி இந்தச் சுவர் இடுக்கில் அவள் வர மாட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இந்த வீட்டையே காலி பண்ணிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அத்தா வீட்டுக்குப் போய்விடலாம், அங்கே எருமை இருக்கிறது.

வெயில் ஏறியபின் தெருவாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் நிற்கிறாள். சுவர் இடுக்கு வழியாகவே வந்து பழகியவள், அன்றைக்குத்தான் முதல் தடவை வாசல் வழியாக வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. கையில் அதே சொம்பு. பூ இல்லை.

"மொதல்ல அழுதன்" என்றாள். "அப்புறம் மாட்டத் திட்டினன். அப்புறம் உன்னத் திட்டினன். கன்னடத்துலதான் திட்டினன், உனக்குப் புரிஞ்சிருக்காது."

"இன்னொரு தடவ தமிழ்ல திட்டுங்க அக்கா, கேட்டுக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொம்பை நீட்டினாள்.

"காய்ச்சிக் கொண்டாந்திருக்கறன். சாமிக்கு ஆவாது, கீழ ஊத்தவும் மனசு வல்ல. உன் புள்ள குடிக்குமா? கெட்ட பாலுன்னு நெனச்சுக்காத. சாமிக்குத்தான் ஆவாது."

பால் புகட்டுகிற சங்கைக் கழுவி எடுத்து வந்தேன். பிள்ளையைத் தூக்கி வந்தேன். அவள் சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை மாதத்தில் இவள் ஒரு நாள்கூட என் பிள்ளையைத் தொட்டதில்லை.

"ஏன் அக்கா தள்ளிப் போறீங்க?"

"வேண்டாம் தங்கச்சி. இந்தத் தெருவுல யாரும் குடுக்க மாட்டாங்க. என் கண்ணு படுமாம்."

எனக்கு வந்த கோபத்தில் தெருவையே இழுத்துப்போட்டு உதைக்க வேண்டும் போல் இருந்தது. தெருவை உதைக்க முடியாது. அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பிள்ளையை அவள் மடியில் போட்டேன். போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை. அவளுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. முதுகுக்குக் கை கொடுத்துச் சாய்த்துக்கொள்ள நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சங்கில் பாலை ஊற்றி அவன் வாயில் வைத்தவள் ஒரேயடியாகச் சாய்த்துவிட, பாதி அவன் கழுத்தில் வழிந்தது. அவன் தும்மி, உதைத்து, மஞ்சள் புடவை முழுக்கப் பாலாக்கினான். மிச்சத்தைச் சப்புக்கொட்டிக் குடித்தான். காலிச் சங்கைப் பிடுங்கி ஈறால் கடித்தான். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விரதத்தை அவள் விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். என் கழனித்தண்ணியையும் விடவில்லை. மாட்டுப் பானையின் கழுத்தில் சுண்ணாம்பைக் குழைத்துப் பட்டையாகப் பூசிவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்னா, நம்ம வூட்டுப் பானை பட்டை போட்டுக்கிச்சு" என்றார். அவருடைய டின்னுக்கு நான் கரியைப் பூசினேன்.

ஒவ்வொரு திங்களும் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில், ஒரு சங்குப் பால் மிச்சம் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நிற்பாள். அவளே மடியில் போட்டு, அவளே புகட்டுவாள். எதிர் வீட்டு அம்மா முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதக் கூடாது. பிறகு அவர் எச்சரிக்கவில்லை.

பதினாறும் தப்பில்லாமல் முடிந்தது. கடைசித் திங்கள் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். நான் ஐந்து வேளைத் தொழுகையிலும் அவளுக்காக துவா கேட்டேன். அவளுக்குத் தலைசுற்றுகிறது என்றால் எனக்கு மனசு துள்ளும். வெயில் மயக்கமாக இருக்கும். ஆறு மாதம் ஆனது. ஒரு வருஷம் ஆனது. என் மகன் ஓடியாட ஆரம்பித்து, சுவர் இடுக்கு வழியாக அவனே அந்தப் பக்கம் போய்வர ஆரம்பித்துவிட்டான். நான் மறுபடியும் உண்டாகியிருந்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது. அவள் வயிற்றில் மட்டும் ஒன்றும் தங்கவில்லை.

முதல் தடவை அந்தப் பதினாலாவது திங்களை நான் கெடுக்காமல் இருந்திருந்தால்? இது எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கறி கழுவ உட்காரும்போதெல்லாம் அரிக்கும். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அதைக் கேட்டேவிட்டேன். என் அடுப்பங்கரையில், சலதாரைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். விரதமெல்லாம் முடிந்து போயிருந்தாலும் திங்கட்கிழமைப் பால் நிற்கவில்லை. என் மகன் சங்கு குடிக்கிற வயதைத் தாண்டியவன், இருந்தும் அவள் மடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்னாலதான உங்களுக்கு இல்லாமப் போச்சு?"

அவள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள்.

"நானும் கொஞ்ச நாள் அப்பிடித்தான் நெனச்சன் தங்கச்சி. பொய் சொல்லக் கூடாது." மகனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "ஆனா அந்தப் பால் சாமிக்கே போயிருந்தா, இவன் வாயில நான் ஒரு சொட்டு ஊத்தியிருப்பனா? யாரு குடுத்திருப்பாங்க எனக்கு?"

பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவன் குடித்து முடித்து, அங்கேயே தூங்கிப்போனான்.